ஓய்வு நேரக் கைவேலை: பழவேற்காட்டு மீனவர் வீடுகளுக்கு ஒரு பாடம்

பழவேற்காட்டு ஏரியைச் சுற்றியுள்ள மீனவர் கிராமங்களில் ஒரு வருஷத்தில் எத்தனை நாள் வலை இறங்குகிறது, எத்தனை நாள் வலை காய்கிறது என்று எண்ணிப் பார்த்தவர் சிலரே. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வாடைக்காற்றும் மழையும் பல நாட்களைக் கரையிலேயே கழித்துவிடுகின்றன. ஏரிக்குள் இறால் விழும் இடங்களைப் 'பாடு' என்னும் பழைய முறைப்படி தலைக்கட்டுகளுக்கு வரிசையாகப் பங்கிட்டுக்கொள்ளும் கிராமங்களில், தன் முறை வராத நாளும் உண்டு. அன்று வேறு சிறு வலையுடன் போகிறவர் இருக்கின்றனர். போகாமல் திண்ணையில் அமர்பவரும் இருக்கின்றனர். இவ்வாறு மீந்து நிற்கும் நேரத்தை என்ன செய்வது என்பதே இப்பாடத்தின் விஷயம்.

கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குகளைப் பார்வையிடும் உத்தியோகத்தில் உள்ளவர்களுக்கு ஒன்று தெளிவாகத் தெரியும். மீனவர் கடன் படகினால் மட்டும் உண்டாவதன்று. படகு வாங்குவதற்கு முன் வீட்டார் பத்து முறை யோசிக்கிறார்கள். ஆனால் வலை ஊசி, மிதப்பு, குண்டு, கயிறு, நீர் இறைக்கும் கரண்டி, கத்திப்பிடி ஆகிய சில்லறைச் சாமான்களுக்கு யோசிப்பதே இல்லை. அவற்றைக் கடையில் பற்று எழுதி வாங்குகிறார்கள். அல்லது மீன் வியாபாரியிடம் முன்பணமாக வாங்கிய தொகையிலிருந்து கொடுக்கிறார்கள். முன்பணம் வாங்கியவன் தன் மீனைத் தான் விரும்பிய விலைக்கு விற்கும் சுதந்தரத்தை இழக்கிறான். ஓட்டைப் படகில் நீர் ஏறுவதுபோல, சிறுகச் சிறுகவே கடனும் ஏறுகிறது.

இது மெய்தானா என்று ஒவ்வொரு வீட்டாரும் தாங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரு சிறு நோட்டுப் புஸ்தகத்தில் மூன்று மாதம், தொழிலுக்காக வாங்கிய சில்லறைச் சாமான் ஒவ்வொன்றையும் அதன் விலையோடு எழுதி வருக. பின்பு அவற்றுள் எவை வீட்டிலேயே செய்யக்கூடியவை என்று குறியிட்டுக் கூட்டுக. அத்தொகையே இப்பாடத்தின் பலனை அளக்கும் கோல்.

பொழுதுபோக்கும் பயனும்

ஓய்வு நேரத்தில் மரத்தையும் உலோகத்தையும் எடுத்து, எவரும் கட்டளையிடாமல், தன் மகிழ்ச்சிக்காக ஒரு பொருளைச் செய்வதைச் சிலர் பிள்ளை விளையாட்டு என்று நினைக்கக்கூடும். பெரிய தேசங்கள் அவ்வாறு நினைக்கவில்லை. பின்லாந்தில் உனோ சிக்னேயஸ் என்பவரின் முயற்சியால் 1866-ஆம் வருஷத்துச் சட்டத்திலேயே கைவேலை ஆரம்பப் பாடசாலைக் கல்வியில் சேர்க்கப்பட்டது. சுவீடன் தேசத்தில் ஓட்டோ சாலமன் என்பவர் 1870-க்குப் பின் இம்முறையை வளர்த்து, பல தேசத்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். 'ஸ்லாய்டு' எனப்படும் அம்முறையின் முக்கிய விதி ஒன்றுண்டு. மாணவன் வெறும் துண்டு மரத்தில் வெட்டிப் பழகலாகாது. சிறிதாயினும் வீட்டுக்கு உதவும் ஒரு முழுப் பொருளைச் செய்து முடிக்கவேண்டும். நமது தேசத்திலும் காந்தியடிகள் 1937-ல் வார்தாவில் வகுத்த ஆதாரக் கல்வித் திட்டம் ஒரு கைத்தொழிலையே கல்வியின் நடுவில் வைத்தது.

நம் ஏரிக்கரைக்கு இவ்விதி புதியதன்று. பழவேற்காட்டு மகளிர் பனையோலையைக் கிழித்து, சாயமிட்டு, பெட்டியும் கூடையும் முடைவது யாவரும் அறிந்ததே. கடலோரத்தில் கட்டுமரம் கட்டும் வேலையோ உலகப் பிரசித்தி பெற்றது. ஆங்கிலேயர் அந்தப் பெயரையே தங்கள் பாஷையில் எடுத்துக்கொண்டனர். சென்னை மாகாண மீன்வளத் துறையின் தலைவராயிருந்த ஜேம்ஸ் ஹார்னெல் இந்தியப் படகுகளின் அமைப்பைப் பற்றி 1920-ல் விரிவாக எழுதியபோது கட்டுமரத்துக்கும் இடமளித்தார்.

கட்டுமரத்தில் கற்கவேண்டிய பாடம் யாதெனில், அதில் ஆணி இல்லை என்பதே. கனமில்லாத மரங்களைச் செதுக்கிக் கயிற்றால் பிணைக்கிறார்கள். அலை மோதும்போது அது சற்று நெகிழ்ந்து கொடுக்கிறது, விறைத்து உடைவதில்லை. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே உலர்த்தினால், நீர் ஊறிக் கனப்பதும் புழு துளைப்பதும் குறைகின்றன. ஒரு மரம் கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். 2004-ஆம் வருஷத்து ஆழிப்பேரலைக்குப் பின் கண்ணாடியிழைப் படகுகள் இக்கரையில் மிகுதியாகப் பெருகின. அவற்றால் விளைந்த நன்மையை மறுப்பதற்கில்லை. எனினும், படகு தொழிற்சாலையிலிருந்து முழுதாக வந்து இறங்குவதால், மரம் எப்படிப் பொருந்துகிறது, எங்கே பிளக்கிறது என்பதைத் தகப்பன் கையருகில் நின்று பார்க்கும் சந்தர்ப்பம் பிள்ளைகளுக்கு அருகிவிட்டது. அந்த இழப்பைச் சிறிதளவாவது ஈடுசெய்ய ஓய்வு நேரக் கைவேலை உதவும்.

தச்சர் பிழைப்புக்குக் கேடாகுமா?

இவ்வாறு கேட்பவர் உண்டு. கேடில்லை என்பதே விடை. படகின் பலகை மாற்றுவதும், சுக்கான் பொருத்துவதும், கதவு நிலை இழைப்பதும் தச்சருக்கே உரியவை; அவற்றில் கற்றுக்குட்டி கை வைத்தால் உயிருக்கும் பொருளுக்கும் நஷ்டமாகும். இங்கே கூறப்படுபவை எந்தத் தச்சரிடமும் எவரும் கொண்டுபோகாத சில்லறைப் பொருள்கள். அன்றியும், தானே உளி பிடித்துப் பார்த்தவனுக்குத்தான் நல்ல தச்சுவேலையின் மதிப்புத் தெரியும். அவன் மட்டமான மரத்தைக் கண்டால் வாங்கமாட்டான். நல்ல வேலைக்குரிய கூலியைக் கொடுக்கவும் தயங்கமாட்டான்.

முதற் பாடம்: வலை ஊசி

நன்கு முற்றிய மூங்கிலை நிழலில் உலர்த்தி, கணுவில்லாத இடத்தில் ஆறு அங்குல நீளமுள்ள பத்தை ஒன்று எடுக்கவும். மூங்கிலின் பலம் அதன் வெளிப்புறத் தோலையடுத்த நாரில் இருக்கிறது. ஆகையால் உட்புறத்தைச் சீவி மெல்லியதாக்கி, வெளிப்புறத்தைக் காக்கவேண்டும். அகலம், பின்னப்போகும் வலையின் கண்ணுக்குள் தடையின்றி நுழையும் அளவு இருத்தல் அவசியம்.

ஒரு முனையைக் கூராக்குக. ஆனால் குத்தும் கூர்மை வேண்டாம். நடுவில் ஒரு ஜன்னலும், அதனுள் கீழ்ப்பக்கத்தில் ஒட்டியபடி கூர்முனையை நோக்கி நிற்கும் ஒரு நாக்கும் அமையுமாறு பென்சிலால் கோடிடுக. கோட்டின் வளைவுகளில் சிறு துளை இட்டுக்கொண்டு, பிறகு மெல்லிய கத்தியால் துளைகளைச் சேர்த்து அறுத்தால் மூங்கில் பிளவாது. துளையின்றி நேரே அறுக்கத் தொடங்கினால் நார் ஓடும் வழியே விரிசலும் ஓடிவிடும். அடிமுனையில் ஒரு பிளவு வெட்டுக. நூலை நாக்கில் மாட்டி, அடிப்பிளவின் வழியாக இறக்கி, ஊசியைத் திருப்பி, மறுபக்கத்தில் மீண்டும் நாக்கில் மாட்டிச் சுற்றவேண்டும்.

வேலை முடிந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, சிறிது எண்ணெய் தடவுக. பின்பு ஒரு பஞ்சு நூலை ஊசியின் எல்லாப் பக்கத்திலும் இழுத்துப் பார்க்கவும். எங்கே நூல் பற்றுகிறதோ அங்கே சிராய் இருக்கிறது. அந்தச் சிராய் நாளை நைலான் இழையைத் தேய்த்துவிடும்.

இரண்டாம் பாடம்: கண் அளவுக் கட்டை

வலை பின்னுவோர் கண்களை ஒரே அளவாக வைப்பதற்குப் பயன்படுத்தும் தட்டையான கட்டை இது. கட்டையின் அகலமே ஒரு முடிச்சிலிருந்து அடுத்த முடிச்சுவரையுள்ள தூரமாகும். கண்ணை இழுத்துப் பிடித்தால் அதன் நீளம் ஏறக்குறைய இருமடங்கு வரும். அதாவது 20 மில்லிமீட்டர் அகலக் கட்டையில் பின்னிய கண், இழுத்தால் சுமார் 40 மில்லிமீட்டர் இருக்கும். கட்டை தடித்திருந்தால் கணக்குத் தவறும். ஆகையால் மெல்லியதாகச் செய்க.

இதற்குப் பூவரசு நல்லது. ஏரிக்கரையில் தானாகப் பரவி நிற்கும் சீமைக் கருவேலத்தின் வைரம் பாய்ந்த நடுமரமும் மிகப் பொருத்தமானது. அது கடினமானது, உலர்ந்தால் அதிகம் சுருங்குவதில்லை, உளிப்பிடி, கத்திப்பிடி, கொட்டாப்புளி ஆகியவற்றுக்கும் உதவும். அடுப்பெரிக்கக் கொண்டுவரும் கட்டைகளிலிருந்தே ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் பறவைகள் சரணாலய எல்லைக்குள் எந்த மரத்தையும் வெட்டலாகாது. கரையை அரிப்பினின்று காத்து, மீன் குஞ்சுகளுக்கு மறைவிடமாகும் கண்டல் மரங்களை எவ்விடத்திலும் தொடலாகாது.

இக்கட்டையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஆயிரக்கணக்கான முறை நூல் உரசுவதால் கட்டையின் ஓரம் தேய்கிறது. தேயத் தேய வலையின் கண்ணும் சிறுத்துக்கொண்டே போகிறது; பின்னுகிறவருக்கு அது தெரிவதில்லை. சிறுத்த கண் இறால் குஞ்சையும் மீன் குஞ்சையும் அள்ளிவிடுகிறது. அடுத்த வருஷத்து வருமானம் இந்த வருஷத்திலேயே விலைபோகாத குப்பையாகக் கரையில் கொட்டப்படுகிறது. எனவே ஒரே அளவில் இரண்டு கட்டைகள் செய்து, ஒன்றைப் பெட்டியில் வைத்துவிடுக. மாதம் ஒரு முறை இரண்டையும் சேர்த்துப் பிடித்து ஒப்பிடுக. தேய்ந்ததை அடுப்பிலிடுக.

மூன்றாம் பாடம்: நீர் இறைக்கும் தகரக் கரண்டி

மரவேலையில் கை பழகியபின் உலோகத்துக்கு வரலாம். துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டின் மீந்த துண்டு ஒன்று போதும். சமையல் எண்ணெய் இருந்த தகர டின்னும் உதவும். பெட்ரோல், டீசல், பெயின்ட், பூச்சிமருந்து இருந்த டின்களை ஒருபோதும் எடுக்கவேண்டாம். எரிபொருள் டின் காலியாகத் தோன்றினாலும் உள்ளே ஆவி தங்கியிருக்கும். சூடோ பொறியோ பட்டால் வெடிக்கும்.

முதலில் பழைய காகித அட்டையில் கரண்டியின் உருவை வெட்டி, மடித்துப் பார்த்து, சரியானபின் தகட்டின்மேல் வைத்துக் கோடிடுக. தகரக் கத்தரியால் வெட்டிய ஓரம் கத்தியைப்போல் கையை அறுக்கும். ஆதலால் சுற்றிலும் கால் அங்குலம் மிகுதியாக விட்டு, அதை உட்புறமாக மடித்துக் கொட்டாப்புளியால் தட்டிவிடுக. மடிந்த ஓரம் கையைக் காப்பதோடு கரண்டிக்கும் விறைப்பைத் தரும். மரப்பிடியைத் துத்தநாகம் பூசிய ஆணிகளால் பொருத்துக.

செம்பு ஆணி துருப்பிடிக்காதே, அதை அடித்தாலென்ன என்று கேட்கலாம். இங்கேதான் உப்புநீரின் குணத்தை அறியவேண்டும். இருவேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டபடி உப்புநீரில் நனைந்தால், அவற்றுள் ஒன்று மற்றொன்றுக்காகக் கரைந்துபோகிறது. செம்பு ஆணி நிலைக்கும். அதைச் சுற்றியுள்ள தகடோ விரைவில் அரித்து ஓட்டையாகும். இதே குணத்தால் நன்மையும் உண்டு. துத்தநாகம் இரும்பைத் தொட்டிருக்கும்வரை துத்தநாகமே முதலில் கரைந்து இரும்பைக் காக்கிறது. எண்ணெய் டின்னில் பூசியிருப்பது வெள்ளீயம். அதில் கீறல் விழுந்தால் இரும்பே முந்தித் துருப்பிடிக்கும். ஆகவே டின்னால் செய்த கரண்டிக்கு அடிக்கடி எண்ணெய் தடவவேண்டும்.

ஆங்கிலேய விஞ்ஞானியான ஹம்ப்ரி டேவி 1824-ல் போர்க்கப்பல்களின் அடியிலுள்ள செம்புத் தகட்டைக் காப்பதற்கு இம்முறையைக் கையாண்டார். துத்தநாகமும் இரும்பும் கொண்ட துண்டுகளைச் செம்பின்மேல் பதித்தபோது செம்பு கரைவது நின்றது. ஆனால் கரைந்துவந்த செம்பின் விஷத்துக்கு அஞ்சி விலகியிருந்த சிப்பிகளும் பாசியும் கப்பலடியில் ஒட்டிக்கொள்ளத் தொடங்கின. ஒரு குறையை நீக்கும்போது அதனால் நின்றுபோகும் நன்மையையும் எண்ணவேண்டும் என்பது பெரிய விஞ்ஞானிக்கும் கரையில் அமர்ந்த கைவேலைக்காரனுக்கும் பொதுவான படிப்பினை.

துத்தநாகம் பூசிய தகட்டை நெருப்பில் காய்ச்சுவதும் கூடாது. அதினின்று எழும் வெண்புகையைச் சுவாசித்தால் குளிரும் ஜுரமும் காணும்.

நான்காம் பாடம்: ஈயக்குண்டு வேண்டாம்

வலைக்குரிய குண்டுகளை வீட்டு அடுப்பிலேயே ஈயம் உருக்கி வார்ப்பது எளிய வேலையாகத் தோன்றும். 327 பாகை வெப்பத்தில் ஈயம் உருகிவிடுவதால் விறகடுப்பே போதும். இந்த எளிமையே அதிலுள்ள ஆபத்து. அச்சில் ஒரு துளி ஈரம் இருந்தாலும் அது நொடியில் ஆவியாகி, உருகிய ஈயத்தை முகத்தில் தெறிக்கச் செய்யும். அதைவிடக் கொடியது கண்ணுக்குத் தெரியாத தூசி. உருக்கிய இடத்திலும், குண்டைச் சீவிய இடத்திலும், வேலை செய்தவரின் துணியிலும் ஈயத்தூசி படிகிறது. தவழும் குழந்தை அந்தத் தரையில் கை வைத்து வாயில் வைக்கிறது. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கிறது. கெடுத்தபின் மருந்தால் மீட்க இயலாது. தீங்கற்றது என்று கூறத்தக்க ஈய அளவு எதுவும் அறியப்படவில்லை என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. ஆகையால் சமைக்கும் அடுப்பிலும், குடியிருக்கும் வீட்டிலும் ஈயம் உருக்கலாகாது. சில ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய்ப் பிள்ளையின் புத்தியை விற்பது சிக்கனமாகாது.

ஈயத்துக்குப் பதில் என்ன? சுட்ட மண் குண்டு நமது முன்னோர் அறிந்ததே. ஆனால் எடையைக் கணக்கிடவேண்டும். நீரில் மூழ்கிய பொருள், தான் விலக்கிய நீரின் எடையளவு இலேசாகிறது. கரையில் 100 கிராம் உள்ள ஈயம் நீருக்குள் சுமார் 91 கிராமாக இருக்கும். 100 கிராம் இரும்பு சுமார் 87 கிராம். 100 கிராம் சுட்ட மண்ணோ ஏறக்குறைய 50 கிராமே. எனவே 100 கிராம் ஈயம் செய்யும் வேலைக்கு 180 கிராம் மண் குண்டு வேண்டும். ஓரிடத்தில் நிறுத்தும் வலைகளுக்கு மண் குண்டு பொருந்தும். விரைந்து அமிழவேண்டிய வீச்சு வலைக்கு அது ஏற்றதன்று. அதற்கு இரும்புச் சங்கிலியே தக்கது. சங்கிலியை நல்ல நீரில் கழுவி உலர்த்தி வைத்தால் துரு குறையும்.

மண் குண்டு செய்ய, கல்லில்லாத களிமண்ணைச் சிறிது மணலோடு பிசைந்து, குச்சியால் துளையிட்டு உருட்டுக. ஒரு வாரம் நிழலில் உலர்த்தியபின் குயவர் சூளையில் மற்றப் பாத்திரங்களோடு வைத்துச் சுடச் செய்க. ஈரம் முற்றும் போகாமல் சுட்டால் வெடிக்கும். துளையின் ஓரங்களைச் சுடுவதற்கு முன்பே விரலால் வழவழப்பாக்காவிடில், அவ்வோரம் கயிற்றை அறுத்துவிடும். இவ்வேலையில் சிறுவரும் முதியோரும் அச்சமின்றிக் கலந்துகொள்ளலாம்.

பத்து வீட்டுக்கு ஒரு கருவிப் பெட்டி

இவ்வளவுக்கும் கருவி வேண்டாமா என்ற கேள்வி எழும். ஒவ்வொரு வீடும் ஒரு ரம்பம், ஓர் இழைப்புளி, இரண்டு உளி, ஓர் அரம், ஒரு கைத்துரப்பணம், தகரக் கத்தரி, மூலைமட்டம் ஆகியவற்றைத் தனித்தனியே வாங்கினால், கடனைக் குறைக்கச் சொன்ன பாடமே கடனைக் கூட்டிவிடும். வருஷத்தில் சில நாள் மட்டும் எடுக்கும் கருவியைப் பத்து வீட்டார் சேர்ந்து வாங்குவதே முறை.

நமது மாவட்டத்துக்கு இது புதிய உபதேசமன்று. சர் பிரெடரிக் நிக்கல்ஸன் 1895, 1897 ஆகிய வருஷங்களில் எழுதிய அறிக்கைகளே சென்னை மாகாணத்தில் ஐக்கிய நாணய சங்கங்களுக்கு வழிகாட்டின. 1904-ல் சட்டம் வந்தவுடன் இப்போதைய திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்த திரூரில் விவசாயிகளின் கடன் சங்கம் தோன்றியது. அந்த நிக்கல்ஸனே 1907-ல் மாகாண மீன்வளப் பணியையும் தொடங்கிவைத்தார். கடனும் மீனும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதை அவர் வாழ்க்கையே காட்டுகிறது.

பெட்டிக்கு விதிகள் ஐந்து போதும். முதலாவது, ரொக்கமாகப் பணம் சேரும்வரை கருவி வாங்கலாகாது. கடனுக்கு வாங்குதல் கூடவே கூடாது. இரண்டாவது, பெட்டி ஒருவர் பொறுப்பில் இருக்கவேண்டும். வருஷந்தோறும் ஆள் மாறவேண்டும். மூன்றாவது, எடுத்தவர் பெயரும் தேதியும் நோட்டில் ஏறாமல் எந்தக் கருவியும் வெளியே போகலாகாது. தலைவர் மகனுக்கும் இவ்விதி பொருந்தும். நான்காவது, எடுத்தவர் தீட்டி, துடைத்து, எண்ணெய் தடவித் திருப்பவேண்டும். உப்புக்காற்றில் ஒரு வாரம் கவனியாத உளி ஒரு வருஷத் தேய்வைக் காணும். ஐந்தாவது, உடைந்ததை ஒளிக்காமல் சொல்பவருக்கு அபராதம் இல்லை, ஒளித்தவருக்கு உண்டு. கருவி உடைவதால் பொதுப் பெட்டி அழிவதில்லை; ஒருவரையொருவர் சந்தேகிப்பதால்தான் அழிகிறது.

பாடம் நடத்துவோர் கேட்க வேண்டிய வினாக்கள்

1. மூங்கிலில் அறுப்பதற்கு முன் துளையிடுவது ஏன்?
2. தேய்ந்த கண் அளவுக் கட்டையால் ஏரிக்கு நேரும் தீங்கு யாது?
3. துத்தநாகம் பூசிய தகட்டில் செம்பு ஆணி அடித்தால் எது முதலில் கெடும்?
4. ஈயம் உருக்கிய வீட்டில் யாருக்கு அதிக ஆபத்து? ஏன்?
5. கரையில் ஒரே எடையுள்ள மண் குண்டும் ஈயக்குண்டும் நீருக்குள் ஏன் வேறுபடுகின்றன?

இவற்றுக்கு வாயால் விடை கூறினால் போதாது. வரும் மழை நாளில் ஒவ்வொருவரும் ஒரு வலை ஊசியைச் செய்து கொண்டுவரவேண்டும். முதல் ஊசி கோணலாக இருக்கும், இரண்டாவது பிளந்துவிடும், மூன்றாவது வலையில் ஓடும். அதன்பின் மூன்று மாதக் கணக்கு நோட்டை எடுத்து, முன்பு குறியிட்ட சாமான்களில் ஒன்றை அடித்துவிடுக. ஒரு வருஷத்தில் இத்தகைய வரிகள் எத்தனை அடிபட்டன என்பதைச் சங்கத்தின் மகாசபைக் கூட்டத்தில் ஒவ்வொரு வீட்டாரும் எழுந்து கூறுவாராயின், அதைக் கேட்பவர் யாவரும் இப்பாடத்தை மேற்கொள்வர்.